பாஸ்தாவுக்குத் தண்ணீர் உண்டு

இம்ஃபாலில் நான் மூன்று முறை தோற்றிருக்கிறேன். மூன்று முறையும் பிரிட்டிஷ்காரன் என்னைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சிந்த்வின் ஆற்றைத் தாண்டிய என் டிவிஷன்கள் மலைக்காட்டில் நின்றபடியே, தின்ன ஒன்றுமில்லாமல், தாமாகவே கரைந்துபோயின.

'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' ஆடியவர்களுக்கு அந்தக் குட்டி மண்டையோட்டுச் சின்னம் தெரிந்திருக்கும். ஆடாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கணினி விளையாட்டு அது. 1936இல் தொடங்கி உலகத்தின் ஏதோ ஒரு நாட்டை எடுத்து இரண்டாம் உலகப்போர் வழியாக நடத்திக்கொண்டு போகலாம். தொழிற்சாலை கட்டலாம், டாங்கி வரையலாம், படையை நகர்த்தலாம். ஒரு ஆட்டம் முடிய இருபது முப்பது மணி நேரம் ஆகும். எனக்கு இன்னும் அதிகம் ஆகும், ஏனென்றால் நான் அடிக்கடி நிறுத்தி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஒரு படை போதிய சப்ளை இல்லாமல் நின்றால் அதன் தலைமேல் மண்டையோடு வரும். துப்பாக்கிகள் குறையும், ஆட்கள் குறைவார்கள், மனத்திடம் போகும். எதிரி ஒரு தோட்டா சுட வேண்டாம்.

மூன்றாவது தோல்வியன்று நண்பனுக்குத் திரையைப் படமெடுத்து அனுப்பினேன். அவன் இந்த ஆட்டத்தில் என்னைவிட ஆயிரம் மணி நேரம் மூத்தவன். குரல் செய்தி வந்தது: "மச்சான், நீ சண்டையையே பாத்துட்டு இருக்க. சப்ளை மேப்ப ஒருதடவ தொறந்து பாரு. அப்பறம் பேசலாம்."

திறந்து பார்த்தேன். ரங்கூனுக்கு வடக்கே எல்லாமே சிவப்பு. ரங்கூன் துறைமுகம் என்னவோ என் கையில்தான் இருந்தது. ஆனால் மலாயாவைச் சுற்றிக்கொண்டு அங்கே வரவேண்டிய என் சரக்குக் கப்பல்களை நீர்மூழ்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. பாங்காக் வரை கப்பல் வருவது ஓரளவு பத்திரம். அப்படியென்றால் பாங்காக்கிலிருந்து தரைவழியாக பர்மாவுக்கு ஒரு ரயில் பாதை இருந்தால்? சயாம், பர்மா இரண்டையும் ஏற்கெனவே பிடித்திருந்தேன். ரயில் பொத்தானை அழுத்தி பாங்காக் பக்கம் ஒரு க்ளிக், பர்மா பக்கம் ஒரு க்ளிக். நடுவில் உள்ள மலைகளின் மேல் கோட்டை ஆட்டமே போட்டுக்கொண்டது. பதினைந்து சிவில் தொழிற்சாலைகளை அதற்கு ஒதுக்கினேன். ஆட்டத்துக்குள் சில மாதங்கள் ஓடின. வேலை முடிந்தது. சிவப்பு மெல்ல மெல்ல வெளிறியது. மண்டையோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ராத்திரி இரண்டு மணிக்கு, பக்கத்து அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருக்க, நான் சத்தம் வராமல் கைதட்டிக்கொண்டேன்.

நான் கட்டியது சயாம் மரண ரயில் என்பது மறுநாள் பேருந்தில் போகும்போதுதான் உறைத்தது.

இந்தக் கட்டுரை ஒரு விளையாட்டின் சப்ளை விதிகளைப் பற்றியது. 'கேம்ல என்னடா இலக்கியம்?' என்று கேட்பவர்கள் உண்டு. விதிப்புத்தகமும் ஒரு பிரதிதான் என்று நான் நம்புகிறேன். நாவலாசிரியன் ஒரு போரைப் பற்றி எழுதும்போது எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறான். விளையாட்டை வடிவமைப்பவனோ எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்று தீர்மானிக்கிறான். எண்ணப்படுவதற்கு மட்டும்தான் அந்த உலகத்தில் இருப்பு. எண்ணாத ஒன்று அங்கே மழையும் இல்லை, காற்றும் இல்லை, ஒன்றுமே இல்லை.

*

போர் விளையாட்டுகளின் பழைய சப்ளை விதி ரொம்ப எளிமையானது. அறுகோணக் கட்டங்கள் போட்ட அட்டை வரைபடம். உங்கள் படையிலிருந்து உங்கள் சப்ளை மூலம் வரை, எதிரிப் படைகள் மறிக்காமல், இத்தனை கட்டத்துக்குள் ஒரு கோடு போட முடிகிறதா? முடிந்தால் சோறு உண்டு. முடியாவிட்டால் பாதி வலிமை. கோட்டில் என்ன போகிறது, யார் கொண்டுபோகிறார்கள், எத்தனை நாள் ஆகிறது என்றெல்லாம் கேள்வி இல்லை. இந்த விதி சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான்: சுற்றிவளைக்கப்படாதே. சதுரங்கத்துக்கு அடுத்த வகுப்புப் பாடம், அவ்வளவே.

நிஜப் படைகளுக்குப் பட்டினி அப்படி ஆமா-இல்லை என்று வருவதில்லை. மார்ட்டின் வான் கிரவெல்ட் 1977இல் எழுதிய 'சப்ளையிங் வார்' என்ற நூலை இந்த விளையாட்டுகளை ஆடுபவர்கள் பலர் வேதம்போல் வைத்திருப்பார்கள். (சரித்திர ஆசிரியர்கள் அதோடு நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள், அது வேறு கதை.) வட ஆப்பிரிக்காவில் ரோம்மலின் படைகளைப் பற்றி அதில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு டிவிஷனுக்குத் தண்ணீரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 350 டன் வேண்டும். துறைமுகத்திலிருந்து அந்த டிவிஷன் சுமார் 480 கிலோமீட்டர் தள்ளி நின்றால், அந்த 350 டன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க, அணிக்கு 30 லாரி வீதம் 39 லாரி அணிகள் தேவை. ஒவ்வொன்றும் இரண்டு டன் லாரி. அதாவது ஒரே ஒரு டிவிஷனுக்கு 1170 லாரிகள். டிரிபோலியிலிருந்து அலெக்சாந்திரியாவோ 1900 கிலோமீட்டர்! முன்னே போகப்போக லாரிகளே பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். ஜெயிக்க ஜெயிக்கப் பட்டினி. ரோம்மலைப் பாலைவன நரி என்று கொண்டாடும் சினிமாக்களில் இந்த லாரிக்காரர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இன்னொரு வகையான சப்ளையும் உண்டு. போகிற இடத்தில் பிடுங்கித் தின்பது. ஐரோப்பியப் படைகள் முதல் உலகப்போர் வரைகூட பெரும்பாலும் அப்படித்தான் வயிற்றை நிரப்பின என்பது வான் கிரவெல்ட்டின் வாதம். நமக்கு அது புதிதில்லை. பகைவன் நாட்டைக் கொள்ளையிட்டு எரிப்பதற்கு மழபுல வஞ்சி என்று புறத்திணையில் தனித் துறையே வைத்திருந்தவர்கள் நாம். அந்தக் கவிதைகளில் எரிகிற விளைநிலம் இருக்கும். புலவன் அதைப் பாடிப் பரிசில் வாங்கினான் என்று நமக்குக் கூச்சம் வரலாம். ஆனாலும் எரிந்தது எது என்று அவன் சொல்லிவிட்டான்.

*

சப்ளையை முழுக்க எண்ணியே தீருவது என்று ஒரு மனிதன் முடிவுசெய்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம், ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்து எஸ்பிஐ நிறுவனம் 1979இல் வெளியிட்ட 'தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆஃப்ரிக்கா'. அட்டை விளையாட்டு. ஆயிரத்தைந்நூறுக்கு மேல் சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள். ஆடி முடிக்க 1500 மணி நேரம் ஆகும் என்பது பிரசித்தமான மதிப்பீடு. பத்துப் பேர் ஆட வேண்டும், பக்கத்துக்கு ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருவருக்குப் பதவியே சப்ளைத் தளபதி. மற்றவன் டாங்கியை நகர்த்திக்கொண்டிருக்க, இவர் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து தண்ணீர், பெட்ரோல், வெடிமருந்து என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் சமையல் சாமான் நோட்டோடு ஒரு சித்தப்பா மண்டபத்தின் பின்கட்டிலேயே இருப்பார், தாலி கட்டுவதைப் பார்க்கவே மாட்டார். அவர் ஞாபகம்தான் வந்தது.

இந்த விளையாட்டில் பெட்ரோல் வெயிலில் ஆவியாகும். அதற்குச் சதவீதக் கணக்கு உண்டு. பிரிட்டிஷ் தரப்புக்கு அந்த இழப்பு கூடுதல். நிஜப் போரிலும் அவர்களுடைய மெல்லிய தகர டின்கள் ஒழுகிக்கொண்டே இருந்தன. ஜெர்மானியரின் உறுதியான கேனைக் கைப்பற்றி, அதைப் பார்த்துத் தாங்களும் செய்துகொண்டார்கள். ஜெர்ரி கேன் என்ற பெயரே அப்படி வந்ததுதான், ஜெர்ரி என்றால் ஜெர்மன்காரன்.

எல்லாவற்றையும்விடப் புகழ்பெற்றது பாஸ்தா விதி. இத்தாலியப் படைகளுக்குப் பாலைவனத்தில் பாஸ்தா வேகவைக்கக் கூடுதலாக ஒரு புள்ளி தண்ணீர் தரவேண்டும். தராவிட்டால் அவர்கள் தங்கள் வழக்கமான வரம்பைத் தாண்டி நகர மாட்டார்கள். இணையத்தில் இந்த விளையாட்டைப் பற்றிச் சிரிக்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள். பெர்க்கே பிற்காலப் பேட்டியில், நிஜத்தில் இத்தாலியர்கள் டின்னில் வந்த தக்காளிச் சாறிலேயே பாஸ்தாவை வேகவைத்துக்கொண்டார்கள் என்று ஒத்துக்கொண்டார்.

நானும் முதலில் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், போர் விளையாட்டுகளின் வரலாற்றில் சிப்பாயின் வாய்க்கு ருசி உண்டு என்று ஒத்துக்கொண்ட அபூர்வமான விதி இது. கேலியாகவே வந்திருக்கட்டும். பிடித்த சாப்பாடு கிடைக்காதவன் முன்னால் போகமாட்டேன் என்று முரண்டு பிடிப்பான், அவ்வளவு தூரம் அவன் மனுஷன். அதுவரை ஆறாயிரம் பேரை ஒரு எண்ணாக வைத்து நகர்த்திக்கொண்டிருந்த அட்டைத் துண்டுக்குள்ளிருந்து திடீரென்று ஒரு அலுமினியத் தட்டு எட்டிப்பார்க்கிறது. இத்தாலியர்களை மட்டம் தட்டும் பழைய ஆங்கிலோ நக்கல் அதில் இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஜெர்மானியனுக்கும் பிரிட்டிஷ்காரனுக்கும் ருசி கிடையாது, விதிப்புத்தகத்தில் வயிறு மட்டும்தான்.

ஒரு விமர்சகனாக எனக்கு இந்த விளையாட்டின் மேல் மரியாதை உண்டு, ஆடுவதற்கு ஆசை இல்லை. எல்லாவற்றையும் எண்ணுபவனுக்கு எதுவுமே முக்கியமாகத் தெரியாது. ஆவியான பெட்ரோலும் செத்த விமானியும் ஒரே பென்சிலால், ஒரே மாதிரித் தாளில் கழிக்கப்படுகிறார்கள். (இதில் ஒவ்வொரு விமானிக்கும் தனிக் கணக்கு உண்டு.) நுணுக்கம் கூடக்கூட உண்மை கூடும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட தலையணை நாவல்கள் தமிழிலும் உண்டு. பெயர் சொல்ல வேண்டாம்.

*

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் இதற்கு நேரெதிர்ப் பாதையில் போகிறது. பென்சிலைக் கணினி வாங்கிக்கொண்டதால் ஆடுபவருக்குக் கணக்கு தெரியாது, வரைபடத்தின் நிறம்தான் தெரியும். 2021 நவம்பரில் வந்த பெரிய அப்டேட்டுக்கு முன்னால் இதன் சப்ளை ரொம்பச் சப்பையாக இருந்தது. அதில்தான் சப்ளை ஹப், ரயில், எஞ்சின், லாரி எல்லாம் வந்தன. இப்போது எப்படி என்றால்: சரக்கு தலைநகரில் பிறக்கிறது. ரயிலிலும் கப்பலிலும் ஏறி ஹப்புகளுக்கு வருகிறது. ஹப்பிலிருந்து சுற்றிலும் பரவுகிறது. தூரம் போகப்போகத் தேய்கிறது, மலையும் காடும் சதுப்பும் இன்னும் சீக்கிரம் தேய்க்கின்றன. ரயிலுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் உண்டு. வழி நெடுக ஐந்தாம் தரம் போட்டிருந்தாலும் நடுவில் ஒரே ஒரு துண்டு ஒன்றாம் தரமாக இருந்தால் முழுப் பாதையும் அந்த ஒன்றாம் தரத்துக்கு இறங்கிவிடும். ஹப்பில் ஒரு குதிரைப் படம் இருக்கும். அதை அழுத்தினால் லாரியாக மாறும், சரக்கு இன்னும் தள்ளிப்போய்ச் சேரும். ஆனால் அந்த லாரிகளை நீங்கள்தான் செய்து தரவேண்டும், அவை வழியில் தேய்ந்தும் போகும்.

இது அபாரமான விதி. மிகைப்படுத்தவில்லை. இதை ஆட ஆரம்பித்த பிறகு எனக்கு உலக வரைபடமே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. முன்பெல்லாம் ரஷ்யா என்றால் பெரிய வெள்ளைப் பரப்பு, நெப்போலியன், பனி. இப்போது ரஷ்யா என்றால் ரயில் நிலையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ரஷ்யத் தண்டவாளம் 1524 மில்லிமீட்டர் அகலம், ஜெர்மன் தண்டவாளம் 1435. அந்தச் சின்ன வித்தியாசத்தைச் சரிசெய்துகொண்டே ஜெர்மானிய ரயில் பணியாளர்கள் படைக்குப் பின்னால் நகர வேண்டியிருந்தது. 'கேரி கிரிக்ஸ்பிஸ் வார் இன் தி ஈஸ்ட்' என்று இன்னும் கடினமான ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் நான் டாங்கிப் படைகளைவிட ரயில் பழுதுபார்க்கும் அணிகளைத்தான் பொத்திப் பொத்தி வைத்திருப்பேன். எந்த ஊரைப் பிடிப்பது என்று தளபதி தீர்மானிப்பதில்லை, தண்டவாளம் தீர்மானிக்கிறது. வீரத்தைப் பற்றிய நம் பேச்சையெல்லாம் நல்ல சப்ளை விதி ஒன்று ஒரே ராத்திரியில் கேலிக்கூத்தாக்கிவிடும். அந்தப் பணிவை எந்தப் போர் நாவலும் எனக்கு இவ்வளவு சுளுவாகக் கற்றுத்தந்ததில்லை.

இந்த விதி சரியாக இருப்பதுதான் என் பிரச்சினை. அது தப்பான, சோம்பேறித்தனமான விதியாக இருந்திருந்தால் அந்த ராத்திரி நான் பாங்காக்கிலிருந்து கோடு போட்டிருக்க மாட்டேன். 1942இல் ஜப்பானியத் தலைமை எந்தக் காரணத்துக்காக அந்த முடிவுக்கு வந்ததோ, ஏறக்குறைய அதே காரணத்துக்காக, அதே வரிசையில் யோசித்து நானும் அங்கே வந்து சேர்ந்தேன். கடல்வழி ஆபத்து. ரங்கூனுக்குச் சரக்கு வரவில்லை. மேற்கே தாக்கினால்தான் பர்மா நிலைக்கும். ஆகவே தரைவழி. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எவ்வளவு அழகாக என்னை அங்கே கூட்டிப்போய் நிறுத்தியது! நிறுத்திவிட்டு, நீட்டிய பில்லில் ஆளைச் சேர்க்கவில்லை.

இதை நான் நிதானமாகச் சரிபார்த்தேன். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்னில் ரயில் கட்டத் தொழிற்சாலை வேண்டும், நாள் வேண்டும். ஆள் வேண்டாம். மனிதபலம் என்று ஒரு எண் திரையின் மேலேயே இருக்கிறது. அது படையில் சேர்வதற்கு. பாதை போடும்போது அந்த எண்ணில் ஒன்றுகூடக் குறையாது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், பிடித்த நாடுகளை ஆள்வதற்கான சட்டங்களின் பட்டியலில் கட்டாய உழைப்பு என்று ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. தேர்ந்தெடுத்தால் உற்பத்திக் கணக்கில் கொஞ்சம் லாபம், உள்ளூர் எதிர்ப்பில் கொஞ்சம் நஷ்டம். ஒரு சின்னப் படம், இரண்டு சதவீதங்கள். அதைத் தேர்ந்தெடுக்காமலே மலையைக் குடைந்து ரயில் விடலாம். அன்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. 'நல்ல' ஜப்பானாக இருந்தேன்.

*

அந்த ரயில் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942இன் நடுவில் வேலை ஆரம்பித்து 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் சந்தித்தன. மலை, மூங்கில் காடு, விடாத பருவமழை. 1943இல் பாதையைச் சீக்கிரம் முடி என்று மேலிருந்து நெருக்க, மழைக்காலம் முழுக்க வேலை நடந்தது. காலரா வந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்குமேல் அங்கே வேலை செய்தார்கள், பன்னிரண்டாயிரம் பேருக்குமேல் செத்தார்கள். இது உலகத்துக்குத் தெரியும். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற படம் 1957இல் வந்து ஆஸ்கர்களை அள்ளியது. படம் பிடித்தது இலங்கையில், கித்துல்கல பக்கம். படத்தில் பிரிட்டிஷ் கைதிகள் சீட்டியடித்துக்கொண்டு அணிவகுப்பார்கள். அந்தப் பாதையில் ஆசியக் கூலிகளும் வேலை செய்தார்கள் என்பதைப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

கைதிகளைவிடக் கூலிகள்தான் அதிகம். சுமார் இரண்டு லட்சம் என்கிறார்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழர். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் முடங்கிக் கிடந்தன. ஜனங்களுக்கு வேலையில்லை, அரிசியில்லை. முதலில் சம்பளம், சாப்பாடு, சில மாத வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். பிறகு பிடித்துக்கொண்டே போனார்கள். கைதிகளுக்காவது தங்கள் ராணுவ மருத்துவர்கள் கூட இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், கழிப்பறைக் குழியை எங்கே வெட்டுவது என்று சொல்ல ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு அது எதுவும் இல்லை. காலரா முகாமுக்குள் வந்தால் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தொண்ணூறாயிரம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த வரிசையான கல்லறைகள் இருக்கின்றன, புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். கூலிகளுக்கு அப்படிப் பெயர் போட்ட கல்லறைகள் இல்லை. அங்கிருந்து நாம் டோக் வரை இப்போதும் ரயில் ஓடுகிறது, சுற்றுலாப் பயணிகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் படமெடுப்பார்கள்.

இதை மறக்காமல் எழுதியவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் இந்தப் பாதையைப் பற்றிய நாவல்கள். தமிழ்நாட்டில் நாம் போர் இலக்கியம் என்றால் இன்னமும் ரெமார்க்கில் தொடங்கி ஹெமிங்வேயில் முடிக்கிறோம்.

என் பாட்டியின் சித்தப்பா ஒருவர் மலாயாத் தோட்டத்துக்குப் போனவர். 1942க்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. அவர் சயாமுக்குத்தான் போனார் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆதாரம் ஒன்றும் கிடையாது. தோட்டத்திலேயே காய்ச்சலில் செத்திருக்கலாம், வேறு குடும்பம் கட்டிக்கொண்டு கடிதம் போடாமலும் இருந்திருக்கலாம். பாட்டி இரண்டாவதைத்தான் நம்பினாள், அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். இதை இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கட்டுரைக்கு உருக்கம் சேர்க்கச் செத்தவரைக் கூப்பிடுவது அவ்வளவு யோக்கியமான காரியமில்லை. ஆனாலும் அந்த ராத்திரி கைதட்டியது என் கைதான்.

*

சரி, அப்படியென்றால் விளையாட்டில் கூலிகளை எண்ணியிருக்க வேண்டுமா?

நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் உடனே வடிவமைப்பில் இறங்கிவிட்டான். "சிம்பிள்டா. ரயில் கட்டும்போது லேபர்னு ஒரு ரிசோர்ஸ் வை. மழைக்காலத்துல கட்டினா இவ்ளோ சதவீதம் போகும், டாக்டர் அனுப்பினா குறையும். மாட் ஒண்ணு போட்டுடலாம்." நானும் உற்சாகமாகக் காகிதத்தை எடுத்தேன். 415 கிலோமீட்டர், தொண்ணூறாயிரம் சாவு. வகுத்தேன். கிலோமீட்டருக்கு இருநூறு பேருக்குமேல். ஐந்தாம் தரப் பாதை வேண்டுமென்றால் இந்த எண்ணை எதால் பெருக்குவது என்று யோசிக்கும்போது பென்சில் நின்றது. மருத்துவர்களுக்கு ஆகும் செலவையும் புதிய கூலிகளைப் பிடிப்பதற்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். எது மலிவு? எண்ண ஆரம்பித்த நிமிஷமே நான் 1943இன் ஜப்பானிய ரயில்வே பொறியாளன் ஆகிவிட்டிருந்தேன். நல்ல ஆட்டக்காரன் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதைச் சிக்கனப்படுத்துவான், அவன் கற்றது அதுதான். கூலியை விதிக்குள் கொண்டுவந்தால் அவனும் பெட்ரோல் மாதிரி ஆவியாவான், அதற்கு ஒரு சதவீதம் இருக்கும்.

ஆகவே விட்டுவிடுவதே மேல் என்று சில வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள். கொடூரத்தை ஆடுபொருளாக்க மாட்டோம் என்பது ஒரு நிலைப்பாடு. ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் நாஜி வதைமுகாம்களைக் காட்டுவதில்லை. அதை நான் புரிந்துகொள்கிறேன், ஓரளவு ஏற்கிறேன். ஆனால் அந்த நாகரிகத்தோடு சேர்த்துப் பாதையையும் நீக்கியிருக்க வேண்டும். குற்றத்தை எடுத்துவிட்டு அதன் பலனை மட்டும் மேசையில் வைத்திருப்பது வேறு விஷயம். மலைக்கு நடுவே சில மாதங்களில் ஒரு ரயில், சுத்தமாக, பதினைந்து தொழிற்சாலைகளால். அப்படி ஒரு ரயிலைக் கட்டமுடியாது என்பதுதானே அந்த வரலாறு?

எனக்குத் தோன்றும் ஒரு வழி எண்களுக்கு வெளியே இருக்கிறது. பாஸ்தா விதியைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அது ஆட்டத்தின் போக்கைப் பெரிதாக மாற்றாது. ஆனால் அந்தப் படைக்கு ஒரு மறுப்பைக் கொடுத்தது. தண்ணீர் தராவிட்டால் நான் வரமாட்டேன். சிக்கனப்படுத்த முடியாதபடி, ஆடுபவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு விதி. ரயில் பாதையை இழுக்கும்போது ஆட்டம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: யாரை அனுப்பப்போகிறாய்? ஊர்ப் பெயர்களோடு ஒரு பட்டியல் வந்திருக்கலாம். ரத்து செய் என்று ஒரு பொத்தான் இருந்திருக்கலாம், அதை அழுத்தினால் இம்ஃபாலில் தோற்பேன். தோற்கலாமே. ஏற்கெனவே மூன்று முறை தோற்றவன்தானே.

நிஜத்தில் ஜப்பான் அந்த ரயிலை வைத்துக்கொண்டும் தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1944 மார்ச்சில் முடகுச்சி சுமார் 85,000 பேரோடு இம்ஃபால் நோக்கிக் கிளம்பினார். மூன்று வாரச் சாப்பாடு. மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் வழியில் அடித்துத் தின்னலாம், பிறகு பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். மாடுகள் பல சிந்த்வினைத் தாண்டும்போதே போயின. கிடங்குகள் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ்-இந்தியப் படைகளுக்கோ சோறு வானத்திலிருந்து விமானத்தில் வந்தது. கோஹிமாவில் நின்ற 31ஆம் டிவிஷனின் தளபதி சாட்டோ, அரிசியும் வரவில்லை குண்டும் வரவில்லை என்று, உத்தரவை மீறித் தன் ஆட்களைப் பின்னால் கூட்டிப்போனார். முடகுச்சி அவரைப் பதவிநீக்கினார். சப்ளை மேப்பைத் திறந்து பார்த்த தளபதி அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

என் ஆட்டத்தில் ரயில் ஒழுங்காக வேலை செய்தது. நான்காவது முறை இம்ஃபால் விழுந்தது. நண்பன் கட்டைவிரல் ஒன்று அனுப்பினான். அந்த ஆட்டத்தை அதோடு சேமித்து வைத்தேன், அழிக்கவில்லை. போன வாரம் திறந்து பார்த்தபோது பாங்காக்கிலிருந்து மேற்கே அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. மௌஸை அதன்மேல் கொண்டுபோனால் தரத்தைக் காட்டியது. இரண்டு.